பவளப்பாறை இல்லாத ஊரிலிருந்து பவளப்பாறை படிக்க

கடலூரில் பவளப்பாறை கிடையாது. பாண்டியிலும் கிடையாது. பள்ளியில் இயற்கை மன்றத்துப் பிள்ளைகளுக்கு இதை நடத்தும்போதெல்லாம் யாராவது ஒரு பெற்றோர் கேட்பார்: "இல்லாததை எதுக்கு டீச்சர் சொல்லித் தர்றீங்க?" ஏன் இல்லை என்பதுதான் முதல் பாடமே.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து வெறித்ததும் தாழங்குடா பக்கம் போங்கள். தென்பெண்ணை கடலில் சேரும் இடம். பெரியவர் ஒருவர் மட்டும் கரையோரம் நின்று ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடிக்கட்டும். முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம், பிள்ளைகளை இறக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து பாட்டிலைக் குலுக்கி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் எவ்வளவு வருகிறது? பவளப்பாறையைக் கட்டும் சின்ன உயிரினமான பவளப்பூச்சியின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைத்துக் கொடுப்பதுதான் பூச்சிக்குப் பெரும்பங்கு சாப்பாடு. கலங்கல் வெயிலை மறைக்கும், படியும் சேறு பூச்சியை மூடும். ஆற்றுத் தண்ணீரும் வண்டலும் இப்படிக் கொட்டும் கரையில் அது பாறை கட்டி வாழ முடியாது. தமிழ்நாட்டில் பவளம் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே, பாக் விரிகுடாவுக்கோ மன்னார் வளைகுடாவுக்கோதான் போக வேண்டும். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவிலுள்ள 21 தீவுகளைச் சுற்றி அது இருக்கிறது.

அடுத்தது சமையலறையில். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பொறுக்கிய ஒரு கிளிஞ்சலை வினிகரில் போடுங்கள், நுரைக்கும். பவளப்பூச்சி கட்டும் வீடும் இதே சுண்ணாம்புதான். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. நாம் விடும் கரியமில வாயுவில் ஒரு பங்கு கடலில் கரைந்து, தண்ணீரின் தன்மையை மெல்ல அமிலப் பக்கம் தள்ளுகிறது. கடல் வினிகராக மாறிவிடாது, பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். சுண்ணாம்பு கட்டுவது பூச்சிக்கு மேலும் மேலும் சிரமமாகிறது, அவ்வளவுதான்.

பாறை கரைக்கு என்ன செய்யும் என்று பார்க்க பாண்டிக்கு பஸ் ஏறினால் போதும். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியபின் வடக்கே மணல் வரத்து நின்று, நகரத்தின் கடற்கரையே காணாமல் போனது. கருங்கல் கொட்டி வைத்திருந்தார்கள். 2018இல் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றைக் கடலுக்குள் இறக்கினார்கள். அலை அதில் மோதி வேகம் குறைந்தது, மணல் திரும்பச் சேர்ந்தது. பவளத் திட்டு இதே வேலையைக் கூலியில்லாமல் செய்கிறது, உடைந்த இடத்தைத் தானே வளர்த்துக்கொள்ளவும் செய்யும். இரும்பு துருத்தான் பிடிக்கும்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். உயிரோடு பார்க்க பாம்பன் போகலாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. தண்ணீருக்குள் இறங்கினால் பவளத்தின் மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கை சட்டை நல்லது, சில களிம்புகளின் ரசாயனம் பவளத்துக்கு ஆகாது. நங்கூரத்தை மணலில் போடச் சொல்லிப் படகுக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போடலாமா?"

வெள்ளையாக நிற்கும் பவளத்தைப் பார்த்தால் செத்துவிட்டது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி சில வாரம் நீடித்தாலே அது நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் பெரிய அளவில் இது நடந்தது.

சரி, இங்கிருந்து என்ன செய்வது? கையை நீட்டி உறுதிமொழி எடுக்கும் விழாக்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. கடையில் பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி (விசிறிபோல் விரியும் பவள வகை) விற்றால் வாங்காதீர்கள். 2001 முதல் அவை வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, வீட்டு மீன்தொட்டியில் வைக்கும் பவளத்துக்கும் அதே சட்டம்தான். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கும்போது தெற்கிலிருந்து வந்த கிளி மீன் இருக்கிறதா என்று பாருங்கள். பவளத்தின் மேல் படரும் பாசியை மேய்ந்து சுத்தம் செய்யும் மீன் அது, நான் வாங்குவதில்லை. "சங்கரா எடுத்துக்க டீச்சர், குழம்புக்கு அதுதான்" என்று மீன்கார அக்காவே சொல்லிவிடுவார்.

அப்புறம் வலை. கடலில் விட்ட நைலான் வலை நீரோட்டத்தில் போய்ப் பாறையில் சிக்கினால், இழுபடும்போதெல்லாம் பவளக் கிளைகளை முறிக்கும். மழைக்காலம் முடிந்ததும் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கும்போது கையுறை போடுங்கள், தூண்டில் முள் மாட்டியிருக்கும். பாதி மணலில் புதைந்ததைப் பிடித்து இழுக்காமல் சுற்றித் தோண்டி எடுங்கள். முழு வலையாக இருந்தால் எடுக்கும் முன் குப்பத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள், யாராவது காய வைத்ததாகவும் இருக்கலாம்.