மூன்றரை மாத ஊசிக்கு முன் ஒரு வீடியோ: மூளை முடக்குவாதத்தை நேரத்தோடு கண்டுபிடிக்க

"பையன் கொஞ்சம் மெதுவா வருவான், பொறுங்க" என்று சொல்லிச் சொல்லியே பல வீடுகளில் ஒன்றரை வயது ஆகிவிடுகிறது. வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் குழந்தையின் அசைவும் உடல் நிலையும் கெடுவதுதான் மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி). அதன் ஆபத்தை மூன்று, நான்கு மாதத்திலேயே சொல்ல முடியும். அதற்குப் பயிற்சி பெற்ற குழந்தைகள் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும், வீட்டிலிருந்து ஒழுங்காக எடுத்த ஒரு வீடியோவும் வேண்டும்.

37 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், ஒன்றரை கிலோவுக்குக் குறைந்தவர்கள், பிறந்ததும் அழாதவர்கள், வலிப்பு வந்தவர்கள், மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்றப்பட்டவர்கள் ஆகியோருக்கு இது கட்டாயம். ஆனால் மூளை முடக்குவாதம் வரும் குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்குப் பிறந்த சமயத்தில் ஒரு குறையும் தெரிவதில்லை. கீழே சொல்லும் அடையாளங்களை எல்லா வீட்டாரும் அறிந்திருப்பது நல்லது.

முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள். 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 40 வாரத்துக்கு 8 வாரம் குறைகிறது. இன்று 20 வாரம் என்றால் அதில் 8ஐக் கழித்து, திருத்திய வயது 12 வாரம். வீடியோவுக்கு ஏற்ற காலம் திருத்திய வயதில் 12 முதல் 16 வாரம். மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு இது மூன்றரை மாத ஊசி (14 வாரம்) போடும் சமயத்திலேயே வரும். குறைமாதக் குழந்தைக்கு ஊசி பிறந்த தேதிப்படி, வீடியோ திருத்திய வயதுப்படி. வீடியோவுக்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசி போட்ட அன்றும் மறுநாளும் காய்ச்சலும் அழுகையும் இருக்கலாம் என்பதால், அதற்கு முந்தைய நாளே எடுத்துவிடுங்கள்.

பால் குடித்துச் சற்று நேரமாகி, தூக்கமோ பசியோ இல்லாமல் பிள்ளை விழித்துக் கிடக்கும் நேரம் பாருங்கள். தரையில் பாய் விரித்து, மேலே ஒரே நிறத் துணி போட்டு மல்லாக்கப் படுக்க வையுங்கள். தொட்டிலில் எடுத்தால் உடம்பு குறுகி அசைவே தெரியாது. டயப்பர் மட்டும் போதும்; கொலுசு, வசம்பு வளையலைக் கழற்றிவிடுங்கள், பிள்ளையின் கவனம் அவற்றின் மேல் போய்விடும். கால்மாட்டில் நின்று, தலை முதல் பாதம் வரை முகத்தோடு தெரியும்படி செல்போனை மேலே அசையாமல் பிடித்து, 3 முதல் 5 நிமிடம் நிறுத்தாமல் எடுங்கள். டி.வி.யை அணைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் யாரும் கொஞ்சக் கூடாது. இங்கேதான் பெரும்பாலான வீடியோக்கள் கெடுகின்றன: ஆச்சி பேச்சுக் கொடுத்ததும் பிள்ளை அவர் பக்கம் திரும்பி, தானாக வரும் அசைவு நின்றுபோகும். அழுதால் நிறுத்தி, பிறகு புதிதாக எடுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் தெளிவு குறையாது.

அதில் தெரபிஸ்ட் தேடுவது கழுத்து, உடம்பு, மணிக்கட்டு, கணுக்கால் எங்கும் எல்லாத் திசையிலும் விட்டுவிடாமல் வரும் சின்னச்சின்ன அசைவுகள். ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவ ஆய்வாளர் வகுத்த முறை இது. இந்த வயதில் அவை அறவே இல்லையென்றால் அது பலமான எச்சரிக்கை. கை கால் உதைப்பதை வைத்து வீட்டார் தாமாக முடிவுசெய்ய வேண்டாம். பலமாக உதைக்கும் குழந்தையிடமும் இந்த நுண்ணசைவு இல்லாமலிருக்கலாம்.

அடுத்தது ஹேமர்ஸ்மித் பரிசோதனை: பிள்ளையின் தசை இறுக்கம், அசைவு, அனிச்சைச் செயல் ஆகியவற்றை நேரில் பார்த்து மதிப்பெண் போடுவது. பெரிய கருவி வேண்டாம், பத்து நிமிடம் போதும். 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண். மூன்று மாதத்தில் 57க்குக் கீழும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 73க்குக் கீழும் போனால் ஆபத்துக் கணக்கில் சேர்ப்பார்கள். வலது இடது வேறுபாட்டைத் தனியே குறிக்கச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. சரியாக இருப்பதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. ஸ்கேன் சுத்தமாக வந்த குழந்தைகளிலும் சிலருக்கு மூளை முடக்குவாதம் வருகிறது.

வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் காலில் போட்டுக் குளிப்பாட்டும் ஆச்சிதான். உள்ளங்கை அழுக்கைத் துடைக்க விரலை விரித்தால் கட்டைவிரல் உள்ளேயே மடங்கி நிற்கிறதா? நான்கு மாதம் கழிந்தும் கை மூடியே இருப்பது, தூக்கி உட்காரவைக்கையில் தலை பின்னால் தொங்குவது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டுவது, டயப்பர் மாற்றும்போது தொடைகள் விரியாமல் இறுகுவது, 9 மாதத்தில் தானாக உட்காராதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டவோ கைகாலை இழுக்கவோ விடாதீர்கள். இறுக்கம் தசையில் பிறப்பதல்ல, மூளையிலிருந்து வருவது. இழுத்தால் வலியும் காயமும்தான் மிஞ்சும்.

திருநெல்வேலி மாவட்டத்தில் அம்பாசமுத்திரமோ நாங்குநேரியோ வள்ளியூரோ, ஊர் எதுவானாலும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு இலவசமாக அனுப்புவார்கள். திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குழந்தைகள் பிரிவில் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் சி.டி., தடுப்பூசி அட்டை, வீடியோ நான்கையும் கொண்டுபோங்கள். "ஆபத்து உண்டு" என்று சொன்னால், நோயை உறுதிசெய்யும் வரை காத்திராமல் அந்த வாரமே பயிற்சியைத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பயிற்சியில் பிள்ளை தானே எட்டிப் பிடிக்க, திரும்ப, உதைக்க வேண்டும். தெரபிஸ்ட் கைகாலை நீட்டி மடக்கிவிடுவது மட்டும் போதாது.