பழைய ரிக்கில் எஃப்டி8: காரைக்குடிப் பக்கத்து ஹாம்களுக்கு

எஃப்டி8 (ரேடியோவில் கம்ப்யூட்டர் வழியாகக் குட்டிச் செய்தி அனுப்புகிற முறை) என்றாலே முகம் சுளிக்கிற ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கூட்டத்தில் நானும் ஒருத்தன். ரெண்டு கம்ப்யூட்டர் பேசிக்கொள்ள நடுவில் நான் எதற்கு, லைசென்ஸ் வாங்கினது மோர்ஸ் தட்டத்தானே என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன தடவை படைப்புக்கு வந்திருந்த தங்கச்சி மகன்தான், "அம்மான், ஒரு தரம் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க" என்று லேப்டாப்பைத் தூக்கிவந்து ரிக்கின், அதாவது என் ரேடியோ செட்டின், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தான். வயர் கிடையாது, பெட்டி கிடையாது, லேப்டாப் மைக் மட்டும். என் காதுக்குக் கேட்டது வெறும் இரைச்சல். திரையிலோ 15 வினாடிக்கு ஒரு தரம் ஜப்பான், இந்தோனேசியா, இத்தாலி என்று வரிவரியாக இறங்கியது.

நீங்களும் அப்படியே தொடங்குங்கள், ஒரு பைசா செலவு வேண்டாம். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்கிற இலவச மென்பொருளை இறக்கி, உள்ளீடாக மைக்கைத் தேர்ந்தெடுத்து, ரிக்கை 14.074 மெகாஹெர்ட்ஸில் யூஎஸ்பியில் வையுங்கள் (மேல் பக்கப்பட்டையைச் சொல்கிறேன், பென் டிரைவ் சொருகுகிற யூஎஸ்பி இல்லை). இங்கேதான் பழைய ஆட்கள் தடுக்கி விழுவார்கள். 40 மீட்டர் அலைவரிசைப் பட்டையில் பேச்சுக்கு நாம் எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை) வைத்துப் பழகிய கை, 7.074-க்குப் போனதும் தானாக எல்எஸ்பிக்குத் திருப்பிவிடும். எந்தப் பட்டையானாலும் எஃப்டி8-க்கு யூஎஸ்பிதான். ஃபில்டர் அகலமாக இருக்கட்டும், மோர்ஸுக்கான குறுகிய சிடபிள்யூ ஃபில்டரைப் போட்டுவிட்டு ஒன்றுமே வரவில்லை என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

விஷயம் என்னவென்றால், ஒரு நிலையம் 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் எட்டு சுரங்களை மாற்றி மாற்றி 12.64 வினாடி அனுப்புகிறது. மிச்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்துக் கணினி அதைப் பிரித்துப் படிக்கிறது. இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே இருந்தாலும் படித்துவிடும். 2017-இல் இதை வெளியிட்டவர்கள் ஸ்டீவ் ஃபிராங்கும் ஜோ டெய்லரும், இவர்கள் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளும் எட்டு சுரமும் சேர்ந்ததுதான் எஃப்டி8. டெய்லர் இரட்டைப் பல்சருக்காக 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். இரைச்சலுக்குள் புதைந்த சமிக்ஞையைத் தோண்டி எடுப்பதே தொழிலாக இருந்த மனுஷன், ஹாமும்கூட. இது தெரிந்தபிறகு "பிள்ளை விளையாட்டு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய ஏஎம் முறையில் பேசினவர்கள் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) வந்தபோது வாத்து கத்துகிறது என்று கேலி செய்தார்களே, அந்த வாத்துச் சத்தத்தைத்தான் இன்றைக்கு நாம் "உண்மையான ரேடியோ" என்கிறோம்.

சரி, கேட்டாயிற்று, இனி அனுப்ப வேண்டும். முதலில் நேரம். உங்கள் கணினிக் கடிகாரம் ஒரு வினாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். நான் இதில் ஒரு ராத்திரி முழுக்க அவமானப்பட்டேன். தங்கச்சி மகன் ஊருக்குப் போனபிறகு என் பழைய லேப்டாப்பில் போட்டால், திரையில் சமிக்ஞைகளைக் காட்டுகிற நீர்வீழ்ச்சிக் கோடுகள் அழகாக ஓடுகின்றன, ஒரு எழுத்து வரவில்லை. ஆன்டெனாதான் என்று முடிவுகட்டி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மொட்டை மாடியேறி, டைபோல் கம்பி ஆன்டெனாவின் நடு இணைப்பை மறுபடி பற்றவைத்து, கோஆக்ஸ் கேபிளை மாற்றி, இறங்கி வந்தால் அதே கதை. காலையில் பார்த்தால் கடிகாரம் நாலு வினாடி பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று நம்பாதீர்கள், உட்காரும் முன் இணையத்தோடு ஒரு தரம் ஒத்திசைத்துவிடுங்கள். வரிகளில் டிடி என்றொரு பத்தி வரும், நேர வித்தியாசம் எத்தனை வினாடி என்பது. எல்லோருக்கும் ஒன்றரை, இரண்டு என்று காட்டினால் தப்பு ஊரில் இல்லை, உங்களிடம்தான்.

அடுத்தது இணைப்பு. புது ரிக் என்றால் ஒரே கேபிள். பழைய ரிக் என்றால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று, போக ஒன்று, வர ஒன்று என 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, பிடிடிக்கு (ரிக்கை அனுப்பு நிலைக்கு மாற்றுகிற சுவிட்சு) ஒரு ஆப்டோகப்ளர். டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு, நேரே இழுத்தால் போதாதா என்று தோன்றும். இழுத்துப் பாருங்கள், லேப்டாப் சார்ஜரின் உறுமல் அப்படியே காற்றில் போகும். சவுண்ட் கார்டைத் தனியாக வைப்பதற்கும் காரணம் உண்டு. லேப்டாப்பின் சொந்த ஆடியோவை ரிக்குக்குக் கொடுத்து, சத்தம் வந்தாலே அனுப்பத் தொடங்குகிற வாக்ஸும் போட்டிருந்தால், மெயில் வந்தால் அடிக்கிற மணியும் உலகம் முழுக்கப் போகும். எனக்குப் போயிருக்கிறது.

அளவு வைப்பதுதான் கைப்பக்குவம். ஸ்பீச் பிராசஸரை அணையுங்கள். கணினியின் ஒலி அளவை மெல்ல ஏற்றி, ஏஎல்சி (அளவு மிஞ்சாமல் ரிக் தானாக அடக்குவது) முள் அசையப் பார்க்கிற இடத்தில் ஒரு துளி குறைத்து நிறுத்துங்கள். மைக்கில் கத்திப் பேசி முள்ளை வலப்பக்கம் தள்ளிய பழக்கம் இங்கே ஆகாது, சுரம் உடைந்து பக்கத்து நிலையங்கள் மேலெல்லாம் சிந்தும். பவரையும் குறையுங்கள். எஸ்எஸ்பியில் மூச்சு விடுகிற இடைவெளியில் ரிக்கும் மூச்சு விடும். இதில் பன்னிரண்டரை வினாடி முழு வேகத்தில் சூடேறுகிறது. 100 வாட் ரிக்கை 30-க்கு மேல் நான் ஓட்டுவதில்லை, ஐரோப்பாவுக்கு அதுவே தாராளம். உங்கள் லைசென்ஸில் எந்தப் பட்டை, எவ்வளவு பவர் என்பதையும் ஒரு தரம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செட்டிங்கில் உங்கள் கிரிட்டையும் (உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, உங்கள் கட்டத்துக்குக் கொடுத்த குறி) போட வேண்டும். நம்ம பக்கம் இதில் ஒரு வேடிக்கை. பத்தாவது அட்சக்கோடு காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் போகிறது. அதனால் காரைக்குடி, கானாடுகாத்தான் எல்லாம் எம்கே90, தேவகோட்டை எம்ஜே99. பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் கிரிட் மாறிவிடும். கிரிட் சேர்க்கிறவர்களுக்கு இரண்டும் வேண்டும் என்பதால், தேவகோட்டைக்காரர் யாராவது வந்தால் அங்கே கூட்டம் அலைமோதும்.

ஆன்டெனாவுக்கு நம்ம வீடுகளைப் போல வசதி வேறெங்கும் இல்லை. 20 மீட்டர் டைபோலுக்கு 33 அடி, 40-க்கு 66 அடி. முகப்பிலிருந்து பின்கட்டு வரை தெருவுக்குத் தெரு நீளுகிற வீட்டில் இதெல்லாம் கணக்கே இல்லை. கயிற்றைக் கைப்பிடிச் சுவரின் சுதைச் சிற்பத்தில் மட்டும் கட்டாதீர்கள், காற்றுக்குக் கஜலட்சுமியின் கை கையோடு வந்துவிடும். கோஆக்ஸுக்காகப் பழைய சுண்ணாம்புச் சுவரில் துளை போடவும் வேண்டாம், காற்றுப்போக்கி வழியாக இறக்குங்கள். எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் கிளப்புகிற இரைச்சல்தான் இன்றைக்குப் பெரிய எதிரி. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குற்றவாளியைப் பிடியுங்கள். எங்கள் வீட்டில் அது அடுப்படி பல்பு, மாற்றித்தரச் சொல்லி ஆச்சியிடம் மூன்று நாள் கெஞ்ச வேண்டியிருந்தது.

முதல் அழைப்பை நீங்களே சிக்யூ (யாராவது இருக்கிறீர்களா என்கிற பொது அழைப்பு) கொடுத்துத் தொடங்க வேண்டாம், சத்தமாக வருகிற ஒருவரைச் சொடுக்கிப் பதில் கொடுங்கள். அவர் நிற்கிற அலைவரிசை மேலேயே ஏறாமல், காலியான சந்து ஒன்றில் உங்கள் சுரத்தை வைத்து அங்கேயே பூட்டிவிடுங்கள். அழைப்புக்குறி, கிரிட், சிக்னல் ரிப்போர்ட், 73 என்கிற விடைபெறும் வாழ்த்து, ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் 20 மீட்டரில் ஐரோப்பா திறக்கும். பதில் வராவிட்டால் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் தளத்தில் உங்கள் அழைப்புக்குறியைத் தட்டிப் பாருங்கள், உங்கள் சமிக்ஞை எங்கெங்கே கேட்டது என்று வரைபடம் காட்டும். ஆன்டெனாவின் நீளத்தை வெட்டிச் சரிசெய்யக்கூட நான் இதைத்தான் பார்க்கிறேன்.

இதில் அரட்டைக்கு இடமில்லை, அது குறைதான், மறுக்கவில்லை. எனக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் மோர்ஸ் கீதான், அது மேஜையில் அதே இடத்தில் இருக்கிறது. பட்டை செத்துக் கிடக்கிற நேரத்தில் மட்டும் லேப்டாப்பைத் திறக்கிறேன். கை பரபரக்கிறவர்களுக்கு அடுத்த வேலையும் இருக்கிறது. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் குடும்பத்து ரிக்குகளின் வரைபடங்கள் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன, பற்றவைக்கத் தெரிந்தால் வீட்டிலேயே கட்டலாம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் ஒன்று. வடக்கே மின்னல் தெரிந்ததும் தொடர்பு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, கோஆக்ஸைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.