புளோரிடாவில் காட்டு வான்கோழி வேட்டை: வெளிமாநிலத்தாருக்கு எந்தப் பெர்மிட், எவ்வளவு செலவு

அலாஸ்காவைத் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் காட்டு வான்கோழி உண்டு. ஒசியோலா வகை மட்டும் புளோரிடா தீபகற்பத்தை விட்டு வேறெங்கும் கிடையாது. செமினோல் பழங்குடித் தலைவர் ஒசியோலாவின் பெயரை 1890-இல் இதற்கு வைத்தார்கள். ஈஸ்டர்ன், ரியோ கிராண்ட், மெரியம்ஸ், ஒசியோலா என்ற நான்கையும் வேட்டையாடி முடிப்பதைக் ‘கிராண்ட் ஸ்லாம்’ என்பார்கள். மற்ற மூன்றுக்கும் பல மாநிலங்கள் இருக்கின்றன. நான்காவதற்குப் புளோரிடாவுக்கு வந்தே தீரவேண்டும்.

முதலில் செலவு. இங்கே லைசென்ஸ் வேறு, வான்கோழி பெர்மிட் வேறு. இரண்டும் கையில் இருக்கவேண்டும். டெக்சாஸில் வெளிமாநிலத்தாருக்கு வசந்தகால வான்கோழிக்கென்றே 126 டாலரில் தனி லைசென்ஸ் இருக்கிறது. அதே நினைப்பில் வருபவர்கள் புளோரிடாவில் 125 டாலர் பெர்மிட்டை மட்டும் வாங்கிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அடிப்படை லைசென்ஸ் இல்லாமல் அந்தப் பெர்மிட்டுக்கு மதிப்பில்லை.

10 நாள் வேட்டை லைசென்ஸ்: 46.50 டாலர்
ஓராண்டு வேட்டை லைசென்ஸ்: 151.50 டாலர்
வான்கோழி பெர்மிட்: 125 டாலர்
அரசு வேட்டைக்காடுகளுக்கான நுழைவுப் பெர்மிட்: 26.50 டாலர்

தனியார் நிலத்தில் ஒரே ஒரு பயணம் என்றால் 46.50-உம் 125-உம் சேர்த்து 171.50 டாலர். அரசுக் காட்டுக்குப் போனால் 198. ஓராண்டு லைசென்ஸோடு கணக்கிட்டால் 276.50, அரசுக் காட்டுக்கு 303. இணையத்தில் வாங்கினால் இதற்கு மேல் ஒரு சிறு கையாளும் கட்டணம் சேரும். உள்ளூர்வாசிக்கு லைசென்ஸ் 17, வான்கோழி பெர்மிட் 10, ஆக 27 டாலர்தான். இந்த வித்தியாசத்தைப் பார்த்து, நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்து உள்ளூர்க் கட்டணத்தில் வாங்கலாமா என்று தோன்றும். வேண்டாம். புளோரிடாவை மட்டுமே வசிக்கும் மாநிலமாக அறிவித்து, புளோரிடா ஓட்டுநர் உரிமம் போன்ற சான்றைக் காட்டினால்தான் உள்ளூர்வாசி. பொய் சொல்லி வாங்கிய லைசென்ஸ் செல்லாது, வழக்கும் வரும்.

பலர் கண்ணை மூடிக்கொண்டு ஓராண்டு லைசென்ஸை எடுக்கிறார்கள். மூன்று முறை 10 நாள் லைசென்ஸ் வாங்கினால்கூட 139.50 டாலர்தான். நான்காவது பயணத்தில்தான் ஓராண்டு லைசென்ஸ் லாபம். காட்டுப்பன்றி வேட்டைக்காக ஓராண்டு லைசென்ஸ் எடுக்கிறேன் என்பதும் பாதி வீண்தான், ஏனென்றால் புளோரிடாவில் தனியார் நிலத்தில் பன்றி சுட லைசென்ஸே வேண்டாம்.

வான்கோழி பெர்மிட் வாங்கிய நாளிலிருந்து 12 மாதம் செல்லும், சீசனோடு முடிவதில்லை. இங்கே ஒரு சின்ன லாபம் இருக்கிறது. சீசன் ஸ்டேட் ரோடு 70 என்ற நெடுஞ்சாலையை வைத்துப் பிரிகிறது. சாலைக்குத் தெற்கே மார்ச் முதல் சனிக்கிழமை தொடங்கும், வடக்கே மூன்றாவது சனிக்கிழமை. இரண்டு பக்கமும் 37 நாள். இந்த ஆண்டு வடக்குப் பகுதித் தொடக்க நாளில் வாங்கிய பெர்மிட், அடுத்த ஆண்டு தெற்குப் பகுதி திறக்கும்போதும் உயிரோடு இருக்கும். அப்போது 10 நாள் லைசென்ஸை மட்டும் புதிதாக எடுத்தால் போதும், 125 டாலர் மிச்சம்.

16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு லைசென்ஸும் வேண்டாம், வான்கோழி பெர்மிட்டும் வேண்டாம். வெளிமாநிலப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 65 வயதுச் சலுகை உள்ளூர்வாசிக்கு மட்டும்.

இனி வரிசை. கட்டிய பணம் திரும்ப வராது, லைசென்ஸை வேறொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. அதனால் நிலம் உறுதியாகும்வரை கார்டை எடுக்காதீர்கள். நிலம் கிடைக்க இரண்டு வழி.

ஒன்று, தனியார் பண்ணை. வழிகாட்டியோடு போவதென்றால் அவர் சொல்லும் தொகையில் லைசென்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சேர்ந்திருக்காது. பண்ணை ஸ்டேட் ரோடு 70-க்கு எந்தப் பக்கம் என்பதையும் கேளுங்கள். அது தெரியாமல் விமான டிக்கெட் போட்டவர், தெற்கே சேவல் கொக்கரிக்க, வடக்கே கை கட்டி உட்கார்ந்திருப்பார். எல்லையையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியோடு அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பது புளோரிடாவில் சாதாரண அத்துமீறல் இல்லை, மூன்றாம் நிலைப் பெருங்குற்றம்.

இரண்டு, அரசு வேட்டைக்காடு. ஒசியோலா கவுண்டியில் உள்ள த்ரீ லேக்ஸ், போல்க், சம்டர், லேக் கவுண்டிகளில் பரந்திருக்கும் கிரீன் ஸ்வாம்ப் போன்ற நல்ல காடுகளில் கோட்டா முறை உண்டு. குலுக்கலில் பெயர் வந்தால்தான் உள்ளே போகலாம். வேட்டை மார்ச்சில் என்றாலும் விண்ணப்பம் முந்தைய இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். பிப்ரவரியில் விழித்துக்கொண்டு தேடுபவருக்கு மீந்துபோன பெர்மிட்தான் மிச்சம். கோட்டா விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, பெயர் வராவிட்டால் அடுத்த குலுக்கலில் முன்னுரிமைப் புள்ளி கிடைக்கும். ‘ஸ்பெஷல் ஆப்பர்சூனிட்டி’ என்ற உயர்வகை வேட்டைக்கு மட்டும் விண்ணப்பத்துக்கு 5 டாலர். எத்தனை விண்ணப்பம் வேண்டுமானாலும் போடலாம், அந்தப் பணம் திரும்பாது. கோட்டா பெர்மிட்டை விலைக்கு வாங்குவதோ கைமாற்றுவதோ சட்டவிரோதம். யாராவது இணையத்தில் விற்றால் ஒதுங்கிவிடுங்கள். ஒவ்வொரு காட்டுக்கும் தனிக் கையேடு இருக்கிறது, கோட்டா வேண்டாத நாட்கள் அதில்தான் இருக்கும். மாநிலப் பொதுவிதியை விடக் கையேட்டில் உள்ளதே அங்கே சட்டம்.

கிராண்ட் ஸ்லாம் கணக்கில் சேர்க்க நினைப்பவர்களுக்கு இன்னொரு கோடு உண்டு. தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு டிக்ஸி, கில்கிறிஸ்ட், அலாச்சுவா, யூனியன், பிராட்ஃபோர்ட், கிளே, டுவால் கவுண்டிகளிலும் அவற்றுக்குத் தெற்கேயும் கிடைத்த பறவையைத்தான் ஒசியோலாவாக ஏற்கும். கெய்ன்ஸ்வில் பக்கம் என்றால் ஒசியோலா. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய லேக் சிட்டி பக்கம் என்றால் ஈஸ்டர்ன் கணக்கு. கட்டணம் இரண்டுக்கும் ஒன்றே.

நிலம் உறுதியானதும் ‘கோ அவுட்டோர்ஸ் ஃப்ளோரிடா’ தளத்தில் கணக்குத் தொடங்குங்கள். 1975 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் காட்டவேண்டும். உங்கள் மாநிலச் சான்றிதழை ஏற்பார்கள், புளோரிடாவில் மறுபடி படிக்கவேண்டியதில்லை. ஆனால் சான்றிதழ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பதினைந்து வருடத்துக்கு முன் வாங்கிய அட்டையைத் தொலைத்துவிட்டு, வேட்டைக்கு முந்தைய இரவு எண்ணைத் தேடினால் அந்த விடியல் போனது போனதுதான். சமூகப் பாதுகாப்பு எண்ணையும் கேட்பார்கள். அது கூட்டரசுச் சட்டம் விதித்தது. 10 நாள் லைசென்ஸில் தொடங்கும் தேதியைப் பார்த்துப் போடுங்கள். பத்தும் தொடர்ச்சியான நாட்கள், இடையில் நிறுத்திவைக்க முடியாது.

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இந்தத் தேதியை இரண்டு முறை பார்க்கவேண்டும். அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. லைசென்ஸ் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும். பதினோராவது நாள் காரின் பின்பெட்டியில் கிடக்கும் நண்பருடைய ஷாட்கன் உங்கள் விசாவுக்கே வினையாகலாம். இவர்களுக்கு மட்டும் 151.50 டாலர் லைசென்ஸே புத்திசாலித்தனம் என்பது எங்கள் எண்ணம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

களத்தில் தெரிந்திருக்கவேண்டியவை சில. வசந்தகாலத்தில் சேவலையும் தாடி உள்ள பறவையையும்தான் சுடலாம். தாடி என்பது மார்பிலிருந்து குதிரைமயிர் போலத் தொங்கும் கற்றை. சில பெட்டைகளுக்கும் அது இருக்கும். ஒருவருக்கு ஒரு சீசனில் இரண்டு பறவை, ஹோம்ஸ் கவுண்டியில் ஒன்றுதான். அரசுக் காடுகளில் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. பெரும்பாலானவற்றில் பகல் 1 மணிக்கு வேட்டையை நிறுத்தவேண்டும். தனியார் நிலத்தில் சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து மறையும்வரை நேரம் உண்டு. கிளையில் அடைந்திருக்கும் பறவையைச் சுடக்கூடாது, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்கக்கூடாது. தீனி போட்டிருக்கும் இடத்திலிருந்து 100 கஜத்துக்குள் வேட்டையாடக்கூடாது. பண்ணையில் மானுக்கு வைத்த மக்காச்சோளத் தொட்டி இதில் பலரை மாட்டிவிடும். உட்காருமுன் தொட்டி எங்கே என்று கேட்டு, அடி எண்ணிப் பாருங்கள்.

சுட்ட பிறகு செய்யவேண்டியதில்தான் வெளிமாநிலத்தார் அதிகம் தவறுகிறார்கள். பறவை பல்மெட்டோ புதருக்குள் கிடக்கிறது, சிறகு இன்னும் துடிக்கிறது. தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளத்தான் கை போகும். நிறுத்துங்கள். அந்த இடத்தை விட்டு நகர்த்துமுன் பதிவு எழுதியாகவேண்டும்: உங்கள் முழுப் பெயர், லைசென்ஸில் உள்ள வாடிக்கையாளர் எண், தேதி, பறவை சேவலா பெட்டையா என்பது, கவுண்டி அல்லது காட்டின் பெயர். ‘ஃபிஷ் ஹன்ட் ஃப்ளோரிடா’ செயலியில் செய்யலாம். சதுப்புக்குள் சிக்னல் வராத இடங்கள் நிறைய, ஆகவே பதிவுத்தாள் ஒன்றும் பால்பாயிண்ட் பேனாவும் பையில் இருக்கட்டும். ஜெல் பேனா வேண்டாம், பனியில் நனைந்து மை கரைந்துவிடும்.

பதிவு வேறு, அறிவிப்பு வேறு. 24 மணி நேரத்துக்குள் செயலியிலோ, தளத்திலோ, 888-486-8356 என்ற எண்ணிலோ அறிவித்து, அவர்கள் தரும் உறுதி எண்ணைப் பதிவுத்தாளில் குறித்துக்கொள்ளவேண்டும். ஆனால் 24 மணி நேரம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். இறைச்சியைத் துண்டுபோட்டு முடிப்பதற்கு முன், இறைச்சிக் கடைக்கோ பறவையைப் பதப்படுத்திப் பாடம் செய்பவரிடமோ கொடுப்பதற்கு முன், மாநில எல்லையைத் தாண்டுவதற்கு முன் என்ற மூன்றில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. காலை எட்டு மணிக்குச் சுட்டுவிட்டு ஜார்ஜியா நோக்கி வண்டியை எடுப்பவருக்குக் கெடு சில மணி நேரம்தான். விதிமீறிக் கிடைத்த பறவையோடு எல்லை தாண்டினால் விஷயம் மாநிலத்தோடு நிற்காது. லேசி சட்டத்தின் கீழ் கூட்டரசு வழக்காகிவிடும். எல்லைக்கு முன்னால் கடைசியாகப் பெட்ரோல் போடும் இடத்தில் வண்டியை நிறுத்தும்போதே, தாளில் உறுதி எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.