உலுருவில் கேமராவை எங்கே மூடி வைக்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் 348 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் உலுருப் பாறையைக் காணச் செல்வோர், நடக்கத் தொடங்கும் முன் அங்குள்ள பண்பாட்டு மையத்துக்குச் சென்று, அந்நிலத்தின் மரபுரிமையாளர்களான அனாங்கு மக்களின் நெறிகளை அறிந்துகொள்வது மிகவும் நல்லது. பாறையைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 10 கிலோமீட்டர் பாதையில், படம் எடுக்க வேண்டாம் என்ற அறிவிப்புப் பலகை இருக்கும் இடங்களில் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அங்குள்ள பிளவுகளும் குழிவுகளும் அவர்களுக்கு மறைநூலுக்கு இணையானவை, வேறிடத்தில் படமாகப் பார்க்கப்படக் கூடாதவை. பாறைமீது ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 1985இல் அதே தேதியில்தான் நிலவுரிமை அவர்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. நினைவுக்காக ஒரு சிறு கல்லைக்கூட எடுத்து வராதீர்கள். அப்படி எடுத்துச் சென்ற பலர், பின்னர் மன்னிப்புக் கடிதத்துடன் அவற்றை அஞ்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.