கன்சோலில் தெரியும் அரே எந்த நேரத்து அரே?

குரோமில் டெவ்டூல்ஸை (கோடைச் சோதிக்கும் கருவிகள்) திறந்து வைத்து, ஒரு ஜாவாஸ்கிரிப்ட் அரேயில் (மதிப்புகளின் பட்டியல்) 30, 10, 20 என்று போடுங்கள். அதை கன்சோல்.லாக் செய்து கன்சோலில் காட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே சார்ட் செய்து வரிசைப்படுத்துங்கள். கன்சோலில் (3) [30, 10, 20] என்று வரும். முக்கோணத்தைச் சொடுக்கி விரித்தால் உள்ளே 10, 20, 30 இருக்கும்.

மேலே தெரிவது லாக் ஓடியபோது எடுத்த முன்னோட்டம். உள்ளே தெரிவது நீங்கள் முதல்முறை விரித்தபோது படித்த மதிப்பு. கன்சோலிடம் இருப்பது அரேயைச் சுட்டும் ரெஃபரன்ஸ்தான், நகல் இல்லை. விரித்ததும் பக்கத்தில் வரும் சின்ன ‘ஐ’ குறியின் மேல் மவுஸை வைத்தால் குரோமே இதைச் சொல்லும். டெவ்டூல்ஸ் மூடியிருந்தபோது ஓடிய லாக் என்றால் முன்னோட்டத்தையும் நம்பாதீர்கள்.

சர்வரிலிருந்து டேட்டாவை ஃபெட்ச் செய்யும் இடத்தில்தான் இது அதிகம் அலைக்கழிக்கும். லாக்கில் வெறும் [] தெரியும். விரித்தால் ஐந்து உறுப்புகளும் இருக்கும். ஆனால் கோடில் முதல் உறுப்பைக் கேட்டால் அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லை) என்று வரும். அரேயை விட்டுவிட்டு அதன் லெங்த்தை லாக் செய்யுங்கள். அது வெறும் எண், பின்னால் மாறாது. 0 வந்தால் டேட்டா வருவதற்கு முன்பே அந்த வரி ஓடிவிட்டது என்று அர்த்தம். டேட்டா வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் விட்டுப்போயிருக்கிறதா, அதை ஃபார்ஈச் லூப்புக்குள் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஃபார்ஈச் எதற்கும் காத்திருக்காது. ஃபார்-ஆஃப் லூப்புக்கு மாற்றுங்கள்.

அந்த நேரத்து அரே முழுவதும் வேண்டுமென்றால் ஸ்ட்ரக்சர்ட்குளோன் கொண்டு நகலெடுத்து லாக் செய்வதே நல்லது. உள்ளே ஃபங்ஷன் போன்றவை இருந்தால் அது எரர் வீசும். மூன்று புள்ளி ஸ்ப்ரெட் மேல்மட்டத்தை மட்டுமே நகலெடுக்கும். உள்ளிருக்கும் ஆப்ஜெக்டுகள் பழையபடி மாறிக்கொண்டே இருக்கும். பலரும் எடுத்ததும் போடுவது, மதிப்பை எழுத்தாக மாற்றும் ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை. எண்களும் எழுத்துகளும் மட்டும் என்றால் போதும். ஆனால் அரேயில் இருக்கும் அன்டிஃபைன்ட், NaN (எண் அல்ல என்னும் மதிப்பு), ஃபங்ஷன் மூன்றையும் அது நல் என்று காட்டும்; மேப் வெறும் {} ஆகும்; தன்னையே சுட்டும் ஆப்ஜெக்டோ பிக்இன்ட்டோ (மிகப் பெரிய முழு எண்களுக்கான வகை) இருந்தால் டைப்எரர். ஒரு பிழையைத் தேடும்போது இன்னொரு பொய்யை நம்பவைத்துவிடும்.

லாக்கே வேண்டாமென்றால் சோர்சஸ் பகுதியில் அந்த வரி எண்ணைச் சொடுக்கி, கோடை அங்கே நிறுத்தும் பிரேக்பாயின்ட் வையுங்கள். கோட் நின்றிருக்கும்வரை ஸ்கோப் பகுதியில் தெரிவது அந்தக் கணத்து மதிப்பேதான்.

பிரௌசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடின் டெர்மினலில் இந்தத் தொல்லை இல்லை. லாக் உடனே எழுத்தாக அச்சாகிவிடும். ஆனால் 100 உறுப்புகளுக்கு மேல் காட்டாது, ஆழமாக உள்ளிருப்பதை [ஆப்ஜெக்ட்] என்று சுருக்கிவிடும். கன்சோல்.டிர்ரில் டெப்த், மேக்ஸ்அரேலெங்த் இரண்டுக்கும் நல் கொடுத்தால் முழுதும் வரும்.