மிஞ்சும் காசைக் கணக்கிட்டு வருமானமாக்கும் முறை: யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு

ஒரு கொப்பியும் கடைசி மூன்று மாதத்துப் பில்களும் எடுத்து வையுங்கள். எதில் போடலாம் என்பதைப் பிறகு பார்க்கலாம். எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் முதற் கேள்வி.

முதலாவது: மிச்சத்தைக் கண்டுபிடியுங்கள்

கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் எழுதுங்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சகோதரங்கள் அனுப்பும் காசைச் சேர்க்க வேண்டாம். அது எப்போது குறையும் என்பது உங்கள் கையில் இல்லை. சம்பளம் 110,000 ரூபா, மாதச் செலவு 82,000 ரூபா என்று வைப்போம். 28,000 மிஞ்சுகிறது போலத் தெரியும்.

கணக்குப் பிழைப்பது இங்கேதான். கலியாணவீடு, சாமத்தியவீடு, நல்லூர்த் திருவிழாக் காலம், மோட்டர் சைக்கிள் காப்புறுதி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் மாதப் பட்டியலில் இராது. ஆண்டுக்கு அவை 120,000 ஆனால் 12 ஆல் பிரித்து மாதம் 10,000 கழியுங்கள். உண்மையான மிச்சம் 18,000. கணக்கில் வராத செலவு எப்போதும் நகையை அடகு வைப்பதில்தான் போய் முடியும்.

இரண்டாவது: அடகை மீளுங்கள்

பெட்டிக்குள் நிலையான வைப்புப் பற்றுச்சீட்டு, பக்கத்திலேயே அடகுச் சீட்டு. இப்படி இரண்டையும் வைத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய. 200,000 ரூபா அடகுக்கு ஆண்டு வட்டி 14 வீதம் என்றால் 28,000 போகிறது. அதே 200,000 வைப்பில் 8 வீதத்துக்குக் கிடந்தால் 16,000 வரும், வரி போக 14,400. வைப்பை எடுத்து நகையை மீட்டாலே ஆண்டுக்கு 13,600 ரூபா லாபம். வீதங்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் சீட்டுகளில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள். வைப்பு முதிர இன்னும் சில கிழமைதான் என்றால் பொறுங்கள். இடையில் உடைத்தால் வட்டி வீதத்தைக் குறைத்துவிடுவார்கள்.

கடன் தீர்ந்ததும் மூன்று மாதச் செலவுக்கான காசைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் சேருங்கள். இந்த உதாரணத்தில் 82,000 உம் 10,000 உம் சேர்த்து மாதம் 92,000, மூன்று மாதத்துக்கு 276,000 ரூபா. இதற்குக் கிடைக்கும் வட்டி குறைவுதான். ஆனால் அவசரத்துக்கு வைப்பை உடைக்க வேண்டி வராது.

மூன்றாவது: வைப்பைப் பிரித்துப் போடுங்கள்

300,000 இருந்தால் ஒரே பற்றுச்சீட்டாகப் போட வேண்டாம். 100,000 வீதம் 3, 6, 12 மாதங்களுக்குப் போடுங்கள். முதல் இரண்டும் முதிர்ந்ததும் 12 மாதத்துக்குப் புதுப்பியுங்கள். பிறகு அவசரம் வந்தாலும் ஒன்றைத்தான் உடைப்பீர்கள். முதிர்வுத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். நீங்கள் போகாவிட்டால் பெரும்பாலும் அன்றைய வீதத்தில் தானாகவே புதுப்பித்துவிடுவார்கள்.

வட்டியில் 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,800,000 ரூபாவைத் தாண்டாதவர்கள், இந்த வரியைப் பிடிக்காமலிருக்க, வங்கியில் சுய பிரகடனப் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுக்கலாம். ஓய்வூதியம் எடுக்கும் அம்மா அப்பாவுக்கு இதைக் கட்டாயம் செய்து கொடுங்கள். வங்கி முறிந்தால் காசைத் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 1,100,000 ரூபா வரைதான். அதற்கு மேலிருந்தால் இன்னொரு வங்கிக்கு மாற்றுங்கள்.

வட்டி முழுவதையும் சாப்பிட்டுவிட வேண்டாம். 2022 செப்டெம்பரில், சாமான் விலைகளை அளக்கும் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 70 வீதம் ஏறியது. ஒரு பங்கையாவது முதலோடு சேர்க்காவிட்டால் காசு இருக்கும், அதன் பெறுமதி இராது.

அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரமான திறைசேரி உண்டியல் 91, 182, 364 நாட்களுக்குக் கிடைக்கும். குறைந்த விலைக்கு வாங்கி, முதிரும்போது முழுத்தொகை எடுப்பது. மாதவருமானம் வேண்டியவர்களுக்கு அது சரிவராது.

நான்காவது: வளவில் இடமிருந்தால் அறை

திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை தேவைப்படும். குளியலறையோடு ஒரு அறைக்கு 350,000 முடிகிறது, வாடகை 12,000 என்று வைப்போம். 12 மாதமும் ஆள் இருக்கும் என்று எண்ணாமல் 10 மாதத்துக்குக் கணக்கிடுங்கள்: 120,000. வெள்ளையடிப்பு, குழாய், தண்ணி மோட்டர், கரண்டுக்கு 36,000 போக 84,000 மிஞ்சும். போட்ட முதல் திரும்ப நாலு வருடத்துக்கு மேல் எடுக்கும்.

அறைக்குத் தனியாக ஒரு சிறிய மீற்றர் பூட்டுங்கள். அலகு கூடக் கூட வீட்டுக் கரண்டின் அலகு விலையும் ஏறும் என்பதால், பொதுப் பில்லைப் பங்கு போட்டால் சண்டைதான். மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட வரக்கூடாது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், கழிவு வடிகட்டாமலே கீழே இறங்கும். கட்டுமுன் உள்ளூராட்சிச் சபையில் அனுமதி எடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தூரத்தைக் கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் தொடங்கும் திகதி, முடியும் திகதி, முற்பணம் மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

தொடக்கூடாதவை

சீட்டு சேமிப்புக்கு உதவலாம், அதை வருமானமாக எண்ண வேண்டாம். ஆள் சேர்த்தால் பங்கு, மாதம் 10 வீதம் நிச்சயம் என்று யாராவது சொன்னால் அது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் குற்றம், சேர்ந்தவர் தன் கீழே ஆள் சேர்த்தால் அவருக்கும் அது பொருந்தும். சொந்தக்காரர் வந்து கேட்டாலும், நிறுவனத்தின் பெயர் மத்திய வங்கியின் அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றக் கதை.