பியூர்-எஃப் இல்லாத ஈ. கோலை வளரவில்லையா? தயமினைப் பாருங்கள்

டிஎன்ஏ-வுக்கு வேண்டிய பியூரின் தயாரிப்பின் முதல் படியைச் செய்யும் என்சைமுக்கான மரபணு பியூர்-எஃப். அது பழுதான ஈ. கோலை பாக்டீரியாவை, பியூரின் இல்லாத எம்9 ஊடகத்தில் வளர்க்க, பியூரின் வகையான அடினின் மட்டும் போட்டால் போதாது. இந்தப் பாதையில் ஐந்தாவது படியில் உருவாகும் ஏஐஆர் என்ற இடைப்பொருளிலிருந்துதான் தயமினும் (வைட்டமின் பி1) கிளை பிரிகிறது. அதனால் இரண்டுமே வேண்டும். லிட்டருக்கு அடினின் 40 மி.கி., தயமின் 1 மி.கி. போதும்.

அடினின் தண்ணீரில் லேசில் கரையாது. 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மி.லி.க்கு 2 மி.கி. வீதம் கரைத்து, வடிகட்டி, லிட்டருக்கு 20 மி.லி. சேருங்கள். எம்9-இன் பாஸ்பேட் அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். தயமினையும் வடிகட்டியே கலக்கவும். ஆட்டோகிளேவ் (கிருமிநீக்கும் நீராவிக் கலம்) சூட்டில் சிதையும்.

பலரும் சறுக்கும் இடம் வேறு. எல்பி என்ற சத்துமிகு குழம்பில் வளர்ந்த செல்களை அப்படியே எம்9-இல் விட்டால், ஒட்டிவந்த பியூரினை வைத்தே சில சுற்று பெருகிவிடும். அடினின் இல்லாத குழாயும் கலங்கி நிற்கும். மரபணு நன்றாக இருக்கிறதென்று தவறாக நினைப்போம். 0.85% உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவி, எம்9-இல் 1:100 நீர்க்கச் செய்து விடுங்கள். அடினின் இல்லாத தட்டில் மெல்லிய படலம் தெரிந்தால், ஊடகத்தை உறையவைக்கும் அகாரைச் சந்தேகியுங்கள், சுத்திகரித்த அகாருக்கு மாறுங்கள். ஈஸ்ட் சாறு கூடவே கூடாது, அதில் பியூரின் ஏராளம்.

இதே பாதையின் இன்னொரு மரபணுவான பியூர்-ஈ பழுதானவற்றுக்குத் தயமின் தேவைப்படாது. அதன் படி ஏஐஆருக்குப் பிந்தையது.